அணைத்த பிறகும் ஓடிய கணினி: ஒரே புகாருக்குள் இருந்த இரண்டு கோளாறுகள்

பின்னணி

இருவர் வேலை செய்யும் ஒரு சிறு கணக்கு அலுவலகம். அங்கே இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. தனித்தனிப் பாகங்களாக வாங்கிச் சேர்த்து ஆறு வருடம் ஆகிறது. விண்டோஸ் 10 ஓடுகிறது. அதில் உட்காருபவர் கணக்கு எழுதுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர். கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மாலையில் அணைத்தால் அது அணைய வேண்டும், அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது.

என்னை அழைத்தபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இதில் ஒரு வரி பின்னால் முக்கியமாகப் போகிறது.

“நான் அணைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். காலையில வந்து பார்த்தா தானா ஆன் ஆகி ஓடிட்டு இருக்கு. மூணு வாரமா இப்படித்தான். இப்பல்லாம் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சுட்டு, சுவர் சுவிட்சையும் நிறுத்திட்டுப் போறேன். காலையில சுவிட்சைப் போட்டா, பட்டனைத் தொடாமலே அதுவா எழுந்துடுது.”

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. வைரஸாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, முழு ஸ்கேன் ஓட்டினார்கள், எதுவும் அகப்படவில்லை. “தானாக ஆன் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று அர்த்தம்” என்று இன்னொருவர் சொல்ல, மின்வழங்கியைக் கழற்றிப் புதியது மாட்டினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. செலவு செய்தும் சரியாகவில்லையே என்ற மனக்கசப்பு அவர் குரலில் தெரிந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நடந்திருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மாலை திரையில் ‘ஷட்டிங் டவுன்’ என்ற வாசகம் மறையும் முன்பே பட்டனைப் பிடித்துவிட்டார். மறுநாள் அவருடைய முக்கியமான கணக்குக் கோப்பு திறக்கவில்லை. நான்கு நாளைக்கு முந்தைய நகல் இருந்தது. நான்கு நாள் பதிவுகளை ரசீதுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்திருக்கிறார்.

தொலைபேசியில் நான் சொன்னது

கேட்டவுடன் எனக்குத் தோன்றியது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து இருக்கும் வசதி இது. ஷட் டவுன் கொடுக்கும்போது பயனரின் நிரல்கள் மட்டும் மூடப்படும். இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் (ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் நிரல்கள்) இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதால் கணினி சீக்கிரம் எழும். அதாவது, நாம் முழு அணைப்பு என்று நினைப்பது பாதி உறக்கம்தான். பழைய கணினிகளில் இந்த இடத்தில்தான் பல சிக்கல் வரும். பல முறை பார்த்திருக்கிறேன் என்பதால், பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்தச் சொன்னேன். அன்று பட்டனைப் பிடிக்காமல் மெனுவிலிருந்தே அணைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னேன்.

மறுநாள் காலை, “சரியாயிடுச்சு, அணைஞ்சுதான் இருந்துச்சு” என்றார். அதற்கடுத்த நாள் காலை கணினி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஏன் சரியாக இருந்தது என்பது நேரில் போன பிறகுதான் புரிந்தது. மெனுவிலிருந்து அணைத்தவர், பழக்கத்தில் சுவர் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். மின்சாரமே இல்லாத கணினி ஓடாது. அதைத்தான் நான் குணமானதாக எடுத்துக்கொண்டேன்.

நேரில் பார்த்த மாலை

எதையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து, தினமும் செய்வதை அப்படியே செய்யச் சொன்னேன். கோப்புகளை மூடினார். மெனுவில் ஷட் டவுன் கொடுத்தார். சில நொடிகளில் திரை கறுத்தது. மானிட்டரின் பட்டனை அழுத்தி அதையும் அணைத்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கொஞ்சம் உட்காருங்க” என்றேன்.

மேசைக்கு அடியில் கேபினெட்டின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்புறம் கையை வைத்தேன், காற்று வந்துகொண்டிருந்தது. மின்விசிறி நிற்கவே இல்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். கிட்டத்தட்ட பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சிறிய பீப் ஒலி. மானிட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்து நிமிடம் அவர் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. திரை கறுத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆகவே “அணைத்த பிறகு தானாக ஆன் ஆகிறது” என்று மூன்று வாரம் சொல்லப்பட்டுவந்த கணினி, உண்மையில் அணையவே இல்லை.

இந்த வேறுபாட்டில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. அணைந்து பிறகு எழுந்த கணினி என்றால், அதை எழுப்பியது எது என்று தேட வேண்டும். அணையாமல் மறுதொடக்கமான கணினி என்றால், அணைய விடாமல் தடுத்தது எது என்று தேட வேண்டும். பயனரின் வாயில் இரண்டும் ஒரே புகாராகத்தான் வரும். இதைப் பிரித்தறிய எந்த மென்பொருளும் வேண்டாம். விசிறி நின்றதா, முன்விளக்கு அணைந்ததா என்று பார்த்தால் போதும்.

அணைவது எப்படி நடக்கிறது

எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்றியது ஏன் பலன் தரவில்லை என்பதற்கு இந்த விளக்கம் தேவைப்படுகிறது.

பழைய மேசைக் கணினிகளில் முன்பட்டன் உண்மையான மின்சுவிட்ச். தட்டினால் மின்சாரம் அறுபடும். 1995-இல் ஏ.டி.எக்ஸ். அமைப்பு வந்த பிறகு அது ஒரு வேண்டுகோள் பட்டனாகிவிட்டது. சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை கணினியின் தாய்ப் பலகையான மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊதா நிறக் கம்பி அது. பச்சை நிறக் கம்பியை மதர்போர்டு தரை இணைப்பாக்கினால் மின்வழங்கி முழுதாக எழும்; விட்டுவிட்டால் காத்திருப்புக்குத் திரும்பும். 1996-இல் வந்த ஏ.சி.பி.ஐ. வரையறை இந்த நிலைகளுக்குப் பெயர் வைத்தது. எஸ்5 என்பது நாம் ஷட் டவுன் என்று சொல்லும் மென்பொருள் அணைப்பு. அந்த நிலையிலும் மதர்போர்டின் ஒரு பகுதி விழித்திருக்கும்.

ஆக, மின்வழங்கி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. ஆன் ஆகச் சொல்வதும் அணையச் சொல்வதும் மதர்போர்டு. மதர்போர்டிடம் “அணைத்துவிடு” என்று கடைசியாகச் சொல்ல வேண்டியது இயங்குதளம். இங்கே அந்தக் கடைசிச் சொல் போய்ச் சேரவே இல்லை. பழுதான மின்வழங்கியும் சில நேரம் கணினியைத் தானாக எழுப்பும்தான், மறுக்கவில்லை. ஆனால் விசிறி நிற்காமல் பத்து நிமிடம் ஓடிய கணினியில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அது இல்லை.

நிகழ்வுப் பதிவில் இருந்தது

கணினியில் நடப்பதை விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் மூன்று வாரத்தைப் பின்னோக்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு வேலை நாள் மாலையிலும் 1074 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தது. யார், எந்த நிரல் வழியாக, என்ன கேட்டார்கள் என்று சொல்லும் பதிவு அது. கேட்டது ‘பவர் ஆஃப்’, ‘ரீஸ்டார்ட்’ இல்லை. எனவே பயனர் தவறான இடத்தைத் தொடவில்லை, வேறு நிரல் எதுவும் மறுதொடக்கம் கேட்கவில்லை. இதை முதலில் அவரிடம் சொன்னேன். ‘நீங்கள்தான் ரீஸ்டார்ட்டை அழுத்தியிருப்பீர்கள்’ என்று ஏற்கனவே யாரோ சொல்லியிருந்தார்களாம். அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்தது கெர்னல்-பவர் 41. கணினி முறையாக அணையாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கான பதிவு. மொத்தம் 17 இருந்தன. இந்த எண்ணைப் பார்த்ததும் மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டுவது வழக்கம். பதிவின் விவரங்களுக்குள் போனால் ‘பக்செக்கோட்’ என்று ஒரு வரி உண்டு, எந்தப் பிழையால் நின்றது என்று சொல்லும் எண். அங்கே 0 இருந்தால் ஒரு கதை, வேறு எண் இருந்தால் வேறு கதை. 17-இல் 10 பதிவுகளில் 0 இருந்தது. மீதி 7-இல் 159.

பத்தில் ஒன்பது அவர் பட்டனைப் பிடித்த நாட்கள், ஒன்று பழக்கத்தில் சுவர் சுவிட்சை நிறுத்திய அந்த நாள். மின்சாரம் திடீரென்று அறுந்ததால் கணினிக்குக் காரணம் எழுதிவைக்க நேரம் கிடைக்கவில்லை. 159 வந்த ஏழும் அவர் எதுவும் செய்யாமல் வீட்டுக்குப் போன நாட்கள். கோளாறைச் சமாளிக்கச் செய்த காரியமே கோளாறின் தடயத்தை மூடிக்கொண்டிருந்தது. மேலோட்டமாகப் பார்த்திருந்தால் அதிகமாக இருந்த 0-ஐ நம்பி நானும் மின்சாரப் பக்கமே போயிருப்பேன்.

159 என்பது பதின்ம எண். பதினாறடிமான முறையில் அது 9எஃப். அந்த நிறுத்தப் பிழையின் பெயர் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’. அணையும்போது விண்டோஸ் ஒவ்வொரு சாதனத்தையும் மின் அணைப்பு நிலைக்குப் போகச் சொல்லும். அந்தந்த டிரைவர் “சரி, போய்விட்டேன்” என்று பதில் தர வேண்டும். ஒரு டிரைவர் பதில் தராமல் நின்றால் விண்டோஸ் காத்திருக்கும். மண்டபத்தைப் பூட்ட வந்தவர் உள்ளே இருக்கும் கடைசி ஆளுக்காக வாசலில் நிற்பது போல. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போனால் பிழை என்று அறிவித்து நீலத்திரையோடு நின்றுவிடும். நாங்கள் காத்திருந்த பத்து நிமிடம் அந்தக் காத்திருப்புதான்.

முதல் முடிவு: நீலத்திரையை நிற்க வைப்பது

நீலத்திரை வந்ததும் தானாக மறுதொடக்கம் செய்யும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டு வருகிறது. அதனால்தான் பிழை கண்ணில் படாமல், கணினி எழுந்து நிற்பது மட்டும் கண்ணில் பட்டது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலுக்குள், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற பெட்டியின் டிக்கை எடுத்தேன். மானிட்டரை அணைக்காமல் மறுபடி ஷட் டவுன் கொடுத்தோம். முன்போலவே காத்திருப்பு, அப்புறம் நீலத்திரை. அதே பெயர்.

இந்த டிக்கை எடுப்பதையே தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதன்பின் கணினி மறுதொடக்கம் ஆகாதுதான்; ஆனால் இரவு முழுவதும் நீலத்திரையோடு ஓடிக்கொண்டிருக்கும். அணைய மறுக்கும் காரணம் உள்ளேயே இருக்கும். நான் எடுத்தது பார்ப்பதற்காக மட்டும். வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிட்டேன்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் நிறுத்திய நிலையிலேயே விட்டேன். அது கோளாறுக்குக் காரணம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் அது ஓடினால் ஒவ்வொரு மாலையும் உண்மையான அணைப்பும் ஒவ்வொரு காலையும் உண்மையான தொடக்கமும் பதிவில் வராது. விசாரணை முடியும்வரை பதிவு தெளிவாக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. உள்ள கணினி என்பதால் தொடங்கும் நேரத்தில் சில நொடிதான் வேறுபாடு.

டாங்கிள்

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற உட்ஃபோல்டரில் நினைவகப் பிரதிகள் (பிழை வந்தபோது நினைவகத்தில் இருந்ததன் நகல்கள்) சேர்ந்திருந்தன. விண்டிபிஜி நிரலில் கடைசி மூன்றைத் திறந்து அலசினேன். மூன்றிலும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்தது. அது வயர்லெஸ் இணைப்புக்காக யூ.எஸ்.பி. துளையில் செருகும் ஒரு சிறு சாதனத்துடையது, டாங்கிள் என்பார்கள்.

“இது எப்ப மாட்டினது?” என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு முன்பு நெட்வொர்க் கேபிள் பழுதானபோது அவசரத்துக்கு வாங்கி மாட்டியதாம். சில நாளில் கேபிள் சரியானது. டாங்கிளை யாரும் எடுக்கவில்லை. கேபினெட்டின் பின்னால், கண்ணில் படாத இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அதன் டிரைவர் விண்டோஸின் பழைய பதிப்புக்காக எழுதப்பட்டது.

பெயர் கிடைத்ததும் உடனே டிரைவரை நீக்கிவிடலாம் என்று கை போகும். நான் அதைத் தள்ளிப்போட்டு, வேறு எதையும் மாற்றாமல் டாங்கிளை மட்டும் உருவினேன். ஷட் டவுன் கொடுத்தோம். 15 நொடிக்குள் விசிறி நின்றது, முன்விளக்கு அணைந்தது. மறுபடி மாட்டினேன், அணையவில்லை. மறுபடி உருவினேன், அணைந்தது. நினைவகப் பிரதி ஒரு டிரைவரின் பெயரைச் சொல்வது சாட்சியம்தான். சில நேரம் தடுக்கப்பட்டவரையே தடுத்தவராகக் காட்டும். மாட்டினால் வருகிறது, எடுத்தால் போகிறது, மாட்டினால் திரும்ப வருகிறது என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

புதிய டிரைவர் தேடிப் போடுவதா, டாங்கிளையே எடுத்துவிடுவதா என்று அவரிடம் கேட்டேன். கேபிள் இணைப்பு நன்றாக இருக்கிறது, வயர்லெஸ் தேவையில்லை என்றார். டிரைவரை நீக்கினோம், டாங்கிளைக் கழற்றிக் கொடுத்தேன். பயன்படாத ஒரு சாதனத்துக்காகப் புதிய டிரைவரை ஏற்றிவிட்டு, அதையும் சில வாரம் கண்காணிப்பதில் அவருக்கு எந்தப் பலனும் இல்லை.

கிளம்பும்போது, “இனிமே பட்டனைப் பிடிக்க வேண்டாம், சுவர் சுவிட்சையும் நிறுத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் காலை

மூன்று நாள் நன்றாகப் போனது. நான்காம் நாள் காலை அழைப்பு வந்தது. “மறுபடியும் ஓடிட்டு இருக்கு.”

இந்த முறை ஊகம் எதுவும் சொல்லவில்லை. நேரில் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பதிவைப் பார்த்தால் கதை முற்றிலும் வேறு. முந்தைய மாலை 1074 இருந்தது. அதை ஒட்டி கெர்னல்-ஜெனரல் 13, அதாவது இயங்குதளம் முறையாக அணைந்தது. 41 எங்கும் இல்லை. பிறகு நள்ளிரவு தாண்டி 3:14-க்கு கெர்னல்-ஜெனரல் 12, இயங்குதளம் தொடங்கியது. நடுவில் பல மணி நேரம் மௌனம். இந்தக் கணினி உண்மையாகவே அணைந்திருந்தது. உண்மையாகவே யாரோ, எதுவோ எழுப்பியிருக்கிறது. காலையில் பார்ப்பவருக்கு அதே காட்சி. கோளாறு வேறு.

இங்கே ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையில் ‘லாஸ்ட்வேக்’, அதாவது கடைசியாக எழுப்பியது எது என்று கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். உறக்கத்திலிருந்து எழுந்த கணினிக்கு அது பதில் சொல்லும். முழுதாக அணைந்து, புதிதாகத் தொடங்கிய கணினிக்குச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. எழுப்பியபோது விண்டோஸே நினைவகத்தில் இல்லையே.

எஸ்5 நிலையிலிருந்து ஒரு கணினியை எழுப்பக்கூடியவை சில இருக்கின்றன. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த நிரலில், வைத்த அலாரம் ஒன்று. அது நேரம் தவறாமல் ஒரே மணிக்கு எழுப்பும். விசைப்பலகை, மவுஸ் அசைவு இன்னொன்று. நெட்வொர்க் அட்டை வழியாக வரும் அழைப்பும் எழுப்பும். அட்டையின் அமைப்பில் பொதுவான வலைப் போக்குவரத்துக்கும் எழலாம் என்று விட்டிருந்தால், யாரும் அழைக்காமலே எழுவதும் உண்டு. முன்பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் எழும். ஆனால் அப்போது நான்கு நொடி அழுத்தமாகக் கணக்கிட்டு உடனே அணைந்தும் விடும், இரவு முழுவதும் ஓடாது. கடைசியாக, போன மின்சாரம் திரும்பி வருவது.

பயாஸுக்குள் போய்ப் பார்க்கலாம் என்று கணினியை மறுதொடக்கம் செய்யப் போனபோதுதான், முதல் நாள் தொலைபேசியில் கேட்ட வரி நினைவுக்கு வந்தது. “சுவிட்சைப் போட்டா, பட்டனைத் தொடாமலே அதுவா எழுந்துடுது.”

ரௌட்டர் காட்டிய நேரம்

சந்தேகம் வந்ததும் அதைச் சோதிக்க ஒரு வெளிச்சாட்சி தேவைப்பட்டது. அந்த அறையில் எப்போதும் ஓடும் இன்னொரு பொருள் ரௌட்டர். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அது தொடங்கி எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு அங்கே இருக்கும். நான் பார்த்தபோது மணி 10:20. ரௌட்டர் தொடங்கி 7 மணி 6 நிமிடம். கழித்துப் பார்த்தால் 3:14.

இரவில் மின்சாரம் ஒரு முறை போய் வந்திருக்கிறது. ரௌட்டரும் கணினியும் ஒரே நிமிடத்தில் எழுந்திருக்கின்றன.

உறுதி செய்ய, கணினியை முறையாக அணைத்து, சுவர் சுவிட்சை நிறுத்தி, 30 நொடி விட்டு மறுபடி போட்டேன். யாரும் பட்டனைத் தொடவில்லை; கணினி எழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பயாஸில் ‘ரீஸ்டோர் ஏ.சி. பவர் லாஸ்’ என்ற அமைப்பு ‘பவர் ஆன்’ என்று இருந்தது. மின்சாரம் போய் வந்தால், முன்பு எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிடு என்பது அதன் பொருள். முன்பு ஒரு காலத்தில் அவர் வீட்டிலிருந்து இந்தக் கணினியோடு இணைந்து வேலை செய்திருக்கிறார். அதற்காக உதவிய ஒருவர், மின்தடை வந்தாலும் கணினி தானாக எழ வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார். அந்தத் தேவைக்கு அது சரியான அமைப்புதான். தேவை முடிந்ததும் யாருக்கும் அது நினைவில் இல்லை.

இரண்டாம் முடிவு

அந்த இடத்தில் மூன்று தேர்வுகள்: எழு, எழாதே, முன்பிருந்த நிலைக்குத் திரும்பு. மூன்றாவது நல்ல நடுவழியாகத் தெரியும். மாலையில் முறையாக அணைத்திருந்தால் இரவு மின்தடைக்கு எழாது. ஆனால் வேலை நேரத்தில் மின்சாரம் போனால், வந்தவுடன் கணினி எழும். அடுத்தடுத்து போய் வந்தால் கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும் நடுவிலேயே மறுபடி மறுபடி விழும். ஏற்கனவே ஒரு கோப்பை இழந்தவர். மின்சாரம் நிலையாக வந்ததைப் பார்த்துவிட்டுத் தன் கையால் ஆன் செய்வதே நல்லது என்று இருவரும் பேசி, ‘பவர் ஆஃப்’ என்று வைத்தோம். சுவர் சுவிட்சைப் போட்டு எடுத்துச் சோதித்தோம், கணினி எழவில்லை.

காத்திருப்பு மின்சாரத்தையே குறைத்துவிடும் ‘ஈ.ஆர்.பி.’ என்ற அமைப்பும் அந்தப் பயாஸில் இருந்தது. அதை ஆன் செய்தால் நெட்வொர்க், யூ.எஸ்.பி. வழியாக எழுவதற்கான வாய்ப்பும் அடைபடும். செய்யவில்லை. அந்த இரண்டு வழியாக எழுந்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு அமைப்பும் அடுத்து வருபவருக்கு ஒரு புதிர். இந்தக் கணினியில் அதைத்தான் இப்போது பார்த்தோம்.

பின்னர் நடந்தது

வட்டுப் பரிசோதனையில் கோப்பு முறைமையில் சில பிழைகள் இருந்தன. விண்டோஸின் கருவியே திருத்தியது. வட்டு நலமாக இருந்தது. கணக்குக் கோப்புகளுக்கு தினசரி நகல் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தோம். அணைப்புக் கோளாறோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் நான்கு நாள் வேலையை இழந்தவரிடம் அதைச் செய்யாமல் வர எனக்கு மனம் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பதிவைப் பார்த்தேன். ஒவ்வொரு மாலையும் 1074, அதைத் தொடர்ந்து 13. ஒவ்வொரு காலையும் அவர் வரும் நேரத்துக்கு 12. இந்த ஆறு வாரத்தில் ரௌட்டர் இரண்டு முறை இரவில் எழுந்திருந்தது, கணினி எழவில்லை. 41 ஒரே ஒரு முறை, பக்செக்கோட் 0. பகலில் மின்சாரம் போன நாள் அது, அவருக்கே நினைவிருந்தது.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

தொலைபேசியில் மருந்து சொல்ல மாட்டேன். அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: “திரை கறுத்த பிறகு விசிறி நிற்கிறதா?” அதற்குப் பதில் தெரியாவிட்டால், ஒரு நாள் மாலை கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொன்னவர் கேட்டிருந்தாலும் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

பயனர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதில் இரண்டு கோளாறும் முதல் நாளே இருந்தன. ‘காலையில் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது ஒன்று, ‘சுவிட்சைப் போட்டால் எழுகிறது’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அதனால்தான் முதல் கோளாறு தீர்ந்ததும் வழக்கு முடிந்தது என்று தோன்றியது.

“சரியாயிடுச்சு” என்ற செய்தி வரும்போது, அந்த நாள் வேறு என்ன மாறியது என்று கேட்க வேண்டும். சுவர் சுவிட்ச் நிறுத்தியிருந்ததா என்று கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

அப்புறம், மாற்றிய அமைப்புகளை எழுதிவைப்பது. பயாஸில் அந்த அமைப்பை வைத்தவர் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் நான்காம் நாள் காலை வந்திருக்காது. இப்போது அந்தக் கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிறுத்தப்பட்டது, மின்சாரம் திரும்பினால் எழாதபடி வைக்கப்பட்டது, யூ.எஸ்.பி. டாங்கிளின் டிரைவர் நீக்கப்பட்டது. மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் தேதி, பக்கத்தில் காரணம்.